அமெரிக்காவில் பென்ஷன் ஆக்சுவரியாகப் பதிவு பெற என்ன வேண்டும்?

காப்பீடு, பென்ஷன் போன்றவற்றில் பிற்காலத்தில் எவ்வளவு பணம் தேவைப்படும் என்று கணக்கிட்டுச் சொல்பவர்தான் ஆக்சுவரி. அதற்கான தேர்வுகளை எல்லாம் முடித்துவிட்டால் எந்தக் கணக்கிலும் கையெழுத்துப் போடலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்ஷன் விஷயத்தில் அது செல்லாது. சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ் தரும் ஃபெலோ பட்டமே கையில் இருந்தாலும், ஒரு பென்ஷன் நிதியின் கணக்கை அரசுக்குச் சான்றளிக்கத் தனியாகப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு பெற்றவருக்குப் பெயர் என்ரோல்டு ஆக்சுவரி. சுருக்கமாக ஈஏ. வருமான வரித்துறையில் வரி ஆலோசகர்களுக்குத் தரப்படும் என்ரோல்டு ஏஜென்ட் என்ற உரிமத்துக்கும் இதே ஈஏதான் சுருக்கம். விவரம் தேடும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பதிவு ஏன் வந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1963 டிசம்பரில் இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் கார் ஆலை மூடப்பட்டது. பென்ஷன் நிதியில் பணம் போதவில்லை. 60 வயதை எட்டிய தகுதியுள்ளவர்களுக்கு முழுப் பென்ஷன் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரை இருந்த, பென்ஷன் உரிமை பெற்ற சுமார் 4,000 பேருக்குச் சேர வேண்டியதில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் வந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இந்த மாதிரிச் சம்பவங்களின் தொடர்ச்சியாக 1974 செப்டம்பர் 2 அன்று, ஊழியர்களின் பென்ஷனைப் பாதுகாக்கும் எரிசா சட்டம் கையெழுத்தானது. பதிவு தரும் அமைப்பும் அந்தச் சட்டத்திலிருந்து பிறந்ததுதான்: ஆக்சுவரிகளைப் பதிவு செய்யும் கூட்டு வாரியம். நிதித்துறைச் செயலர் மூன்று பேரையும், தொழிலாளர் துறைச் செயலர் இரண்டு பேரையும் இதற்கு நியமிக்கிறார்கள்.

இத்தனை வருடம் உழைத்தால் மாதம் இவ்வளவு என்று வாக்குக் கொடுக்கும் பென்ஷன் திட்டங்களுக்குத்தான் ஈஏ தேவை. 401(கே) மாதிரி, ஊழியரின் பெயரிலேயே பணம் சேரும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குகளில் சேர்ந்ததுதான் கிடைக்கும் என்பதால் அங்கே இந்தக் கையெழுத்துக்கு வேலை இல்லை. திட்டத்தின் ஆண்டறிக்கையான ஃபார்ம் 5500-க்காக, ஒரு நிறுவனத் திட்டம் என்றால் ஷெட்யூல் எஸ்பி, பல நிறுவனங்கள் சேர்ந்த தொழிற்சங்கத் திட்டம் என்றால் ஷெட்யூல் எம்பி என்ற இணைப்பு தயாராகும். அதில் ஈஏ கையெழுத்துப் போட்டுத் தன் பதிவு எண்ணையும் எழுதுவார்.

சரி, தகுதிக்கு வருவோம். அடிப்படைக் கணித அறிவு, பென்ஷன் அறிவு, அனுபவம் ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும்.

அடிப்படை அறிவுக்கு ஈஏ-1 தேர்வு. கூட்டு வட்டியும் ஆயுள் நிகழ்தகவும்தான் பாடம். ஆக்சுவரி அமைப்புகளின் இணையான தேர்வுகளை முடித்தவர்களும், ஆக்சுவரி கணிதத்தை முதன்மையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்களும் இதிலிருந்து விலக்குக் கேட்கலாம். பென்ஷன் அறிவுக்கு இரண்டு தேர்வுகள்: நிதி ஒதுக்கீட்டு விதிகளுக்கு ஈஏ-2எஃப், மற்ற சட்ட விதிகளுக்கு ஈஏ-2எல். எல் வசந்த காலத்தில், எஃப் இலையுதிர் காலத்தில். ஆண்டுக்கு ஒரு முறைதான் என்பதால் ஒன்றைக் கோட்டைவிட்டால் ஒரு வருடம் போச்சு. இந்தப் பென்ஷன் தேர்வுகள் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 10 ஆண்டுகளுக்குள் முடித்தவையாக இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தேர்வாவது படித்தால் முடிந்துவிடும். ஆள் மாட்டிக்கொள்வது அனுபவச் சான்றில்தான். கடந்த 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது 36 மாதம் பொறுப்பான பென்ஷன் ஆக்சுவரி வேலை செய்திருக்க வேண்டும். அல்லது மொத்தம் 60 மாதம் பொறுப்பான ஆக்சுவரி வேலை, அதில் 18 மாதமாவது பென்ஷன். ஆயுள் காப்பீட்டில் 42 மாதம் இருந்துவிட்டுப் பென்ஷன் பக்கம் வந்தவர் 18 மாதத்தில் தகுதிக்கு வந்துவிடலாம்.

இங்கே கனமான சொல் "பொறுப்பான" என்பதே. மென்பொருளில் தரவை ஏற்றி, வந்த எண்ணை அறிக்கையில் ஒட்டினால் போதாது. வட்டி விகிதம், இறப்பு அட்டவணை, கணக்கு முறை போன்றவை இந்தத் திட்டத்துக்குப் பொருந்துமா என்ற முடிவில் உங்களுக்கும் பங்கு இருக்க வேண்டும். வேறு என்ன வழிகள் இருந்தன என்றும் தெரிந்திருக்க வேண்டும். இதை மேலதிகாரி எழுத்தில் சான்றளிக்க வேண்டும். அவர் ஈஏ இல்லையென்றால், உங்கள் பென்ஷன் வேலையை நேரடியாக அறிந்த இன்னொரு ஈஏவும் சேர்ந்து சான்றளிக்க வேண்டும். அதனால் வேலை மாறுகிறவர்கள் கவனிக்க: பழைய மேலதிகாரி ஓய்வுபெற்றுப் போனபிறகு தேடி அலைவதைவிட, எந்தத் திட்டத்தில் என்ன தீர்மானத்தில் பங்கெடுத்தீர்கள் என்று மாதவாரியாகக் குறித்து, கிளம்பும்போதே அவரிடம் காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

எல்லாம் சேர்ந்ததும் படிவம் 5434-ஐ நிரப்பிக் கட்டணத்துடன் அனுப்ப வேண்டும். நடத்தையும் பார்ப்பார்கள். 18 வயதுக்குப் பிறகு, கடைசி 15 ஆண்டுகளுக்குள் மோசடியோ நம்பிக்கைத் துரோகமோ செய்ததாகத் தீர்ப்பு இருந்தால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். வேண்டுமென்றே வரிக்கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டதும் இந்தப் பட்டியலில் வருகிறது. ஊரார் பென்ஷனுக்குக் கணக்குப் பார்க்க வருபவர் தன் கணக்கை ஒழுங்காக வைத்திருக்க வேண்டாமா?

பதிவு வாழ்நாளுக்கு அல்ல. 2011-இலிருந்து மூன்று மூன்று ஆண்டுகளாகச் சுற்றுகள் ஓடுகின்றன. இப்போது அது 2026 முதல் 2028 வரை. ஒரு முழுச் சுற்றுக்கு 36 மணி நேரம் தொடர்கல்வி முடித்து, படிவம் 5434-ஏ மூலம் புதுப்பிக்க வேண்டும். முதல் முழுச் சுற்றில் அந்த நேரத்தில் பாதியாவது பென்ஷன் சட்டம், கணக்கு போன்ற மையப் பாடங்களாக இருக்க வேண்டும். நடுவில் பதிவு பெறுபவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. சுற்றின் முதல் ஆண்டில் சேர்ந்தால் 24 மணி நேரம், இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் 12, கடைசி ஆண்டில் சேர்ந்தால் அந்தச் சுற்றுக்கு எதுவும் வேண்டாம். ஆனால் புதுப்பிக்கும் படிவத்தை மட்டும் எல்லோரும் போட்டுத்தான் ஆக வேண்டும்.