கெட்டித் திரவம்: பத்து விநாடிச் சோதனை

பக்கவாதம், பார்கின்சன் நோய், மறதி நோய் வந்த முதியவர்கள் பலருக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி மூச்சுக்குழாயின் வாய் மூட வேண்டும். அது கொஞ்சம் தாமதித்தாலும் தண்ணீர் முந்திக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். சிலருக்குப் புரையேறுவதுகூடத் தெரியாது, இருமலே வராது. பிறகு நிமோனியா வந்துதான் தெரியும். கெட்டியான திரவம் மெதுவாக இறங்குவதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது.

எவ்வளவு கெட்டி என்பதை விழுங்குதல் சிகிச்சையாளர் முடிவுசெய்வார். அதை முதியோர் இல்லத்தின் உணவு அட்டையில் 'கஞ்சிப் பதம்' என்று எழுதினால் சமையலறையில் ஆளுக்கொரு பதம் வரும். ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோல் பானங்களை 0 முதல் 4 வரை பிரிக்கிறது. அட்டையில் அந்த எண்தான் இருக்க வேண்டும்.

சோதிக்க 10 மி.லி. சிரிஞ்ச் போதும். அதில் 0 கோட்டுக்கும் 10 கோட்டுக்கும் இடையே 61.5 மி.மீ. இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள், எல்லா சிரிஞ்சும் ஒன்றல்ல. உள்தண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிட்டு மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மி.லி.க்குக் குறைவென்றால் நிலை 0. 1 முதல் 4 வரை நிலை 1, 4 முதல் 8 வரை நிலை 2. எட்டுக்கு மேல் நின்று, கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் நிலை 3. சொட்டுகூட இறங்காவிட்டால் நிலை 4.

அடுப்படியில் சரியாக இருந்த பதம் படுக்கையருகே மாறிவிடும். அரிசிக் கஞ்சி ஆற ஆற இறுகும். கெட்டியாக்க ஸ்டார்ச் (மாவுச்சத்து) பவுடர் கலந்த பானமோ நேர் எதிராக நீர்த்துப்போகலாம்: வாய்க்குள் போன கரண்டியை மறுபடி தம்ளரில் விட்டால் எச்சிலிலுள்ள அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை உடைத்துவிடும். சாந்தன் கம் என்ற இன்னொரு கெட்டியாக்கும் பவுடருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பாலில் அது கெட்டியாக நேரம் பிடிக்கும். பொறுக்காமல் இன்னொரு கரண்டி போட்டால் பிறகு பசைபோல இறுகிவிடும். ஆகவே பரிமாறும் சூட்டில், பரிமாறும் நேரத்தில் சோதியுங்கள்.

ரசம் சாதத்தில் அதிகக் கவனம் வேண்டும். சோற்றை மெல்லும்போதே ரசம் தனியாகத் தொண்டைக்கு ஓடிவிடும். மசித்த தயிர்சாதமும் வைத்திருந்தால் நீர் விடும். கூழாக மசித்த நிலை 4 உணவில் தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் கூடவே கூடாது.

பதம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நிலை எண்ணை நீங்களாக உயர்த்தாதீர்கள். அதிகக் கெட்டியானது தொண்டையில் தங்கும். குடிக்கப் பிடிக்காமல் உடலில் நீர் வற்றும். சாப்பிடும்போது இருமலோ கரகரத்த ஈரக்குரலோ வந்தால் உடனே ஊட்டுவதை நிறுத்திவிட்டுச் சிகிச்சையாளரைக் கூப்பிடுங்கள்.