கானாவின் சந்தைகளில் தலைச்சுமை தூக்கும் இளம்பெண்கள்: சட்டம் தரும் உரிமைகளும் அவற்றைப் பெறும் வழிகளும்

கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் மக்கோலா, அக்போக்ப்லோஷி முதலிய சந்தைகளிலும், குமாசி நகரின் கெஜெதியா சந்தையிலும், அகன்ற அலுமினியப் பாத்திரத்தில் சரக்கை ஏற்றித் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து செல்லும் பெண்களைக் ‘காயாயேய்’ என்று அழைக்கிறார்கள். இவர்களுள் பெரும்பாலோர் நாட்டின் வடபகுதியிலிருந்து வருபவர்கள். தெற்கில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு, வடக்கில் ஒன்றுதான். அறுவடை முடிந்த பிறகு, ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அங்கு வயலில் வேலை கிடைப்பது அரிது. திருமணத்துக்கு வேண்டிய பாத்திரங்கள் வாங்கவும், தையல் எந்திரம் வாங்கவும், படிப்புச் செலவுக்கும், சில வேளைகளில் விருப்பமில்லாத திருமணத்திலிருந்து தப்பிக்கவும் பெண்கள் பேருந்து ஏறுகிறார்கள். வந்து சேர்ந்த இடத்தில் அவர்களுள் பலருக்குக் கூரை இல்லை. பகலில் வியாபாரம் நடந்த கடைகளின் வாசலிலேயே இரவில் படுக்கிறார்கள்.

இவர்களுக்குரிய உரிமைகள் ஒரே சட்டத்தில் தொகுக்கப்படாமல் பல சட்டங்களிலும் திட்டங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளைப் பொறுத்தவை: அந்தப் பெண்ணின் வயது என்ன, அவளிடம் அடையாள ஆவணம் இருக்கிறதா? உதவ முன்வருபவர் எவராயினும் முதலில் விடை தேட வேண்டியது இவ்விரண்டுக்கும்தான்.

வயதிலிருந்து தொடங்கலாம். 1998ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்று வரையறுக்கிறது. பொதுவான வேலைக்குக் குறைந்தபட்ச வயது 15. உடல்நலத்தையும் படிப்பையும் கெடுக்காத இலகுவான வேலைக்கு 13. அபாயகரமான வேலைக்கு 18. எவையெல்லாம் அபாயகரமானவை என்று அச்சட்டத்தின் 91ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. சுரங்க வேலை, கடலுக்குச் செல்லுதல் ஆகியவற்றோடு பாரச்சுமை தூக்குதலும் அதில் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. ஆகவே 16 வயதுப் பெண்ணின் தலையில் வெங்காய மூட்டையை ஏற்றுவது, அவளே விரும்பிக் கேட்டிருந்தாலும், சட்டத்துக்கு மாறானது. இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை குழந்தைகளை வேலை வாங்குவதற்கும் தனித் தடை உண்டு. முறைசாராத் தொழில்களில் இவ்விதிகளைக் கண்காணிக்கும் பொறுப்பு மாவட்ட மன்றத்தின் சமூகப் பணிகள் துணைக்குழுவுக்கும் சமூக நலத்துறைக்கும் உரியது. ஆதரவற்று அலையும் குழந்தையைப் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்றே இச்சட்டம் கருதுகிறது. எனவே 18 வயது நிறையாதவள் சந்தையில் தனித்து இருப்பதைக் காண்பவர் சமூக நலத்துறை அலுவலரிடம் தெரிவிப்பதே முறை. அவளைத் தண்டிப்பதற்கு இச்சட்டத்தில் இடமில்லை. சுமையை ஏற்றிய கைகளைத்தான் அது பொறுப்பாக்குகிறது.

வயது வந்த பெண்களின் நிலை வேறு. அவர்கள் செய்வது சட்டப்படியான தொழில். ஆனால் ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொருவரிடம் பேரம் பேசிக் கூலி பெறும் இவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லாததால், 2003ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறையில் இவர்களை எட்டுவதில்லை. முன்பு உள்ளாட்சி அமைப்புகள் இவர்களிடமும் சந்தைக் கட்டணம் வசூலித்து வந்தன. 2017ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை காயாயேய் மீது விதிக்கப்பட்ட அந்தக் கட்டணங்களை நீக்கியது. எனவே சீட்டுக் கிழித்துப் பணம் கேட்பவருக்கு இப்பெண்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உண்பவருக்கு அது ஒரு வேளைச் சோற்றின் விலை.

அடுத்தது மருத்துவம்; எல்லாவற்றிலும் விரிவான உரிமை இருப்பது இங்கேதான், கைநழுவிப் போவதும் இங்கேதான். 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் தொடங்கப்பட்டு, 2012ஆம் ஆண்டின் 852ஆம் எண் சட்டத்தால் மாற்றியமைக்கப்பட்ட தேசிய நலவாழ்வுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முறைசாராத் தொழிலாளர்கள் ஆண்டுதோறும் சந்தா செலுத்த வேண்டும். 18 வயது நிறையாதோர், 70 வயதைக் கடந்தோர், கர்ப்பிணிகள், வறியோர் ஆகியோருக்குச் சந்தா இல்லை. பெற்றோர் உறுப்பினராக இல்லாவிட்டாலும் குழந்தை தனியாகச் சேரலாம் என்பது, தாய்தந்தையரைப் பிரிந்து வந்த சிறுமிக்கு மிகவும் பயன்படும் விதி. கர்ப்பிணிகளுக்கு 2008 முதல் பதிவும் இலவசம், காத்திருப்புக் காலமும் இல்லை. பேறுகாலத்துக்கு முந்தைய பரிசோதனை, பிரசவம், பிந்தைய கவனிப்பு ஆகியவற்றோடு, பிறந்த குழந்தையின் முதல் 3 மாத மருத்துவமும் தாயின் அட்டையிலேயே அடங்கும். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சுமை தூக்கும் தாய்மார் பலருக்கு இது தெரிந்திருந்தால் மருந்துக்காகக் கடன் வாங்கியிருக்க மாட்டார்கள்.

சிக்கல் எழுவது கர்ப்பிணி அல்லாத, 18 வயது கடந்த பெண்ணுக்கு. ‘வறியோர்’ என்ற வகைக்கு 2004ஆம் ஆண்டின் விதிகள் நான்கு அளவுகோல்களை வைத்தன: வேலையும் வெளிப்படையான வருமானமும் இல்லாதிருத்தல், நிலையான வசிப்பிடம் இல்லாதிருத்தல், வேலையும் வசிப்பிடமும் உள்ள ஒருவருடன் வாழாதிருத்தல், வேறெவரிடமிருந்தும் தொடர்ச்சியான ஆதரவு பெறாதிருத்தல். பின் மூன்றும் இப்பெண்களுக்கு அப்படியே பொருந்துகின்றன. முதலாவதுதான் தடை, ஏனெனில் அவள் வேலை செய்கிறாள். உழைப்பதாலேயே ஒருத்தி வறியவள் அல்லள் என்று முடிவு செய்வது நியாயமாகாது என்றே நான் கருதுகிறேன். சமூக நலத்துறையின் வழியாகவே வறியோரை அடையாளம் காணும் நடைமுறை இருப்பதால், தனியாகக் காப்பீட்டு அலுவலகத்துக்குச் செல்வதைவிட, அத்துறையின் அலுவலரிடம் குழுவாகச் சென்று தங்கள் நிலையை எடுத்துரைப்பதே பயன் தரும். அட்டை ஓராண்டுக்கே செல்லும். புதுப்பித்தலைக் கைப்பேசியிலேயே *929# என்ற குறியீட்டின் மூலம் செய்துகொள்ளலாம்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, ‘கானா அட்டை’ எனப்படும் தேசிய அடையாள அட்டை. காப்பீட்டு உறுப்பினர் எண்ணையும் இதனுடன் இணைக்க முடியும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்காக உறவினரோ, ஏற்கனவே அட்டை பெற்ற பிறரோ உறுதிமொழி அளித்துப் பதிவு செய்ய விதி இடம் தருகிறது. சொந்த ஊரில் இது எளிது. அறிந்தவர்கள் அருகில் இருப்பார்கள். அக்ராவின் நடைபாதையில் அது கடினம். ஆகவே அறுவடைக்காகவோ பண்டிகைக்காகவோ ஊர் திரும்பும் பெண், அந்தச் சில நாட்களுக்குள் அட்டைக்குப் பதிவு செய்துவிடுவது நல்லது.

‘லீப்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் வறுமை ஒழிப்பு உதவித்தொகைத் திட்டம் 2008இல் தொடங்கியது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மிக வறிய குடும்பங்களுக்குப் பணம் தரும் இத்திட்டத்தில், ஆதரவற்ற குழந்தைகள், துணையற்ற முதியோர், வேலை செய்ய இயலாத மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் உள்ள குடும்பங்கள் முதலில் சேர்க்கப்பட்டன. 2015 முதல் கர்ப்பிணிகளும் ஒரு வயது நிறையாத குழந்தைகளும் உள்ள குடும்பங்கள் சேர்ந்தன. தேர்வு ஊரில், குடும்பத்தை அலகாகக் கொண்டு நடக்கிறது. கணக்கெடுப்பவர் வரும்போது ஊரில் இல்லாதவள் எளிதில் விடுபட்டுப் போகிறாள். ஆயினும் அவளுடைய பாட்டியோ தம்பியோ அங்கே தகுதி பெற்றால், அவள் அனுப்ப வேண்டிய பணத்தின் சுமை குறையும். எனவே குடும்பத்தின் பெயரைச் சேர்க்கக் கோருவதும் அவளுக்குச் செய்யும் உதவியே.

கல்வியைப் பொறுத்தவரை, அடிப்படைக் கல்வி இலவசம், கட்டாயம். 2017 செப்டம்பர் முதல் மேல்நிலைக் கல்விக்கும் கட்டணம் இல்லை. ஆனால் அடிப்படைக் கல்வியின் முடிவில் நடக்கும் தேர்வை எழுதித் தேறியவர்களே மேல்நிலையில் சேர முடியும். இடையில் நின்ற பெண்களுக்கு எழுத்தறிவும் தொழிலறிவும் தரும் பொறுப்பு, 2020ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த துணைநிலைக் கல்வி முகமையிடம் உள்ளது. குழந்தை பெற்ற மாணவியும் பள்ளிக்குத் திரும்பலாம் என்பதைக் கல்வித்துறையின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் உறுதி செய்கின்றன. தையல், முடி அலங்காரம் போன்ற தொழில்களைக் கற்றுக்கொள்வது பலருடைய விருப்பம். ஆனால் பயிலும் காலத்தில் கூலி இல்லை. எந்திரத்தையும் கருவிகளையும் பயில்பவரே வாங்க வேண்டியிருக்கிறது. பயிற்சி மட்டும் தந்து, பயிலும் மாதங்களுக்கான உணவையும் தங்குமிடத்தையும் தராத திட்டம் எவ்வளவு நல்லதாயினும், அவள் பாதியில் அதை விட்டுவிட்டுச் சந்தைக்குத் திரும்ப நேரிடும்.

தெருவில் உறங்கும் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் அபாயம் பெரிது. காவல்துறையில் இதற்கென்றே குடும்ப வன்முறை மற்றும் பாதிக்கப்பட்டோர் ஆதரவுப் பிரிவு இயங்குகிறது. நிலையான முகவரி இல்லை என்பது புகார் அளிக்கத் தடையாகாது. கணவராலோ உறவினராலோ தாக்கப்பட்டவருக்கு, காவல்துறையின் உதவியோடு சென்றால், 2007ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி இலவச சிகிச்சை பெறும் உரிமையும் உண்டு.

2020 மார்ச் 30 அன்று அக்ராவிலும் குமாசியிலும் ஊரடங்கு தொடங்கியபோது, வருமானமும் தங்குமிடமும் இல்லாமல் பல பெண்கள் சிக்கிக்கொண்டார்கள்; சரக்கு வண்டிகளில் ஒளிந்து வடக்கே செல்ல முயன்றவர்கள் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்புவதே தீர்வு என்று பேசுவோர் பிற காலங்களிலும் உண்டு. ஊரில் வேலை இல்லாதவரை அப்படி அனுப்பப்படுபவர்கள் மீண்டும் வரவே செய்வார்கள்.

அதனால்தான் வறண்ட மாதங்களில் ஊரிலேயே கூலி தரும் பொதுப்பணித் திட்டத்தை நான் மற்றவற்றினும் முக்கியமானதாகக் கருதுகிறேன். உலக வங்கியின் நிதியுடன் 2010இல் தொடங்கிய சமூக வாய்ப்புகள் திட்டத்திலும், அதைத் தொடர்ந்து வந்த உற்பத்திசார் பாதுகாப்பு வலைத் திட்டத்திலும், சிறு மண் அணைகள், கிராமச் சாலைகள், மரக்கன்றுத் தோப்புகள் ஆகியவற்றை அமைக்கும் வேலை விவசாயம் இல்லாத பருவத்தில் தரப்பட்டு வந்துள்ளது. கைரேகைப் பதிவுள்ள மின்னணு அட்டையின் வழியாகத் தொழிலாளிக்கே கூலி வழங்கும் முறை இதில் உள்ளது. அணையில் நீர் நின்றால் கோடையிலும் காய்கறி பயிரிடலாம் என்பதால் வேலை முடிந்த பிறகும் பயன் தொடர்கிறது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு: ஊர்க்கூட்டத்தில் பதிவு நடக்கும் நாளை வெளியூரில் இருக்கும் பெண்களுக்கும் முன்னதாகச் சொல்லி அனுப்ப வேண்டும், அறுவடை முடிந்து பெண்கள் தெற்கே புறப்படுவதற்கு முன்பே வேலை தொடங்கி, முதல் கூலியும் கைக்கு வந்துவிட வேண்டும்.