"லிங்க் மட்டும்தானே போட்டனான்" என்றால் விடமாட்டார்கள்

சுன்னாகத்துப் பொடியன் ஒருவன், ஆரோ போட்ட வீடியோவின் லிங்க்கை ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டு, மேலே "பாருங்கோ" என்று மட்டும் எழுதினான். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சிங்களத்தில் எழுதிய நாலு பக்க வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்து, போனையும் கொடுத்துவிட்டு வந்தான். என்னிடம் வந்ததும் முதலில் சொன்னது, "அண்ணை, நான் எழுதேல்லையே."

எழுதியது நீங்களா என்பதோடு கேள்வி முடிவதில்லை. இணையத்தில் பொய்யான கூற்றுகளைப் பரப்புவதைக் குற்றமாக்கும் இலங்கையின் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், பிறர் போட்டதற்குப் பொறுப்பில்லை என்ற விலக்கு சமூக ஊடகம் நடத்துபவருக்கும் இணைய இணைப்புக் கொடுப்பவருக்கும்தான். அவர்கள்கூட உள்ளடக்கத்தைத் தெரிந்தெடுத்தாலோ மாற்றினாலோ அது போய்விடும். நீங்கள் லிங்க்கைத் தெரிந்தெடுத்துத்தானே போடுகிறீர்கள்? முகநூலில் ஊர்ப் பக்கம் நடத்துபவர்களே, நீங்கள் ஒப்புதல் கொடுத்தால்தான் பதிவு வெளிவரும் என்று வைத்திருந்தால் "நான் பார்க்கேல்லை" என்பது எடுபடாது.

இந்தச் சட்டத்தில் பொய்யான கூற்று என்றால், சொல்பவரே அது பொய்யென்று தெரிந்தோ நம்பியோ, குறிப்பாக ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்னதாக இருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து அதில் அடங்காது. அதனால் எங்கே பார்த்தீர்கள், ஏன் நம்பினீர்கள் என்பதற்குத் திகதியோடு ஸ்கிரீன்ஷொட் வைத்திருங்கள். அழைப்பு வந்த பிறகு பதற்றத்தில் எதையும் அழிக்காதீர்கள், சாட்சியத்தை மறைத்ததாகத் திருப்பிவிடுவார்கள்.

எங்கள் வடக்குப் பகுதியில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2024 நவம்பர் மாவீரர் நாளை ஒட்டி முகநூலில் படமும் வீடியோவும் பகிர்ந்த சிலரைப் பிடித்தது பயங்கரவாதத் தடைச் சட்டத்தில். ஐசிசிபிஆர் சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) என்று ஒன்று இருக்கிறது. வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் அதன் 3 ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் நீதவான் பிணை தரமாட்டார், மேல் நீதிமன்றம்தான். எந்தச் சட்டம் என்று முதல் நாளே கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

போனில் "வந்துவிட்டுப் போங்கோ" என்றால் எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். 2012 இலிருந்தே பொலிஸ் நிலையத்தில் உங்களுக்காகப் பேச சட்டத்தரணிக்கு உரிமை இருக்கிறது, "இங்கே லோயர் தேவையில்லை" என்பார்கள், நம்பாதீர்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ். வேறு மொழியில் எழுதிய வாக்குமூலத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையே சொல்கிறது. விளங்காததில் கையெழுத்து வைக்காதீர்கள், பிறகு அதை உடைக்க வருஷக்கணக்காகும்.

காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது. வருமானச் சான்று கேட்பார்கள், அதற்காகக் கிராம சேவையாளரிடம் அலைய வேண்டி வரும் என்பதால் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். ஆளைக் காணவில்லை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறார்களில்லை என்றால் உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்துக்கு அறிவியுங்கள், அடுத்த நாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

போனை எடுத்தால் ஐஎம்இஐ இலக்கத்தோடு (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள இலக்கம்) பற்றுச்சீட்டு வாங்குங்கள். சுன்னாகத்துப் பொடியனுக்கு அது இல்லை. போன் எங்கே என்று கேட்கவே மூன்று தரம் போய்விட்டான், மூன்று தரமும் அப்படியொரு போன் பதிவில் இல்லை என்றுதான் பதில்.