கறுப்புத் துணியில் உளுந்து: விலங்குகளின் தகவமைப்பை வகுப்பில் கற்பித்தல்

ஆறாம் வகுப்பு அறிவியலில் மீன், பல்லி, பறவை, ஒட்டகம் ஆகியவற்றின் தகவமைப்புகளை நடத்தி முடித்த பின், வாத்தின் கால்விரல்களுக்கு இடையே சவ்வு எப்படி வந்தது என்று கேட்டால், "நீந்த வேண்டியிருந்ததால் வாத்து அதை வளர்த்துக்கொண்டது" என்றே பெரும்பாலான மாணவர்கள் எழுதுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அறிவியல் கற்பித்துவரும் என் அனுபவத்தில், பாடத்தைச் செயல்பாடுகளின் வழியே நடத்திய வகுப்புகளிலும் இந்த விடை குறைவதில்லை. சொல்லப்போனால், நாம் ஆர்வத்தோடு நடத்தும் சில செயல்பாடுகளே இந்தத் தவறான புரிதலை உறுதிப்படுத்திவிடுகின்றன.

பல பள்ளிகளில் நடைபெறும் பறவை அலகு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். துணிக் கிளிப்பு, கரண்டி, உறிஞ்சுகுழல், தேநீர் வடிகட்டி ஆகியவற்றை அலகுகளாகக் கொடுத்து, மணலில் புதைத்த நிலக்கடலையையும் தண்ணீரில் மிதக்கும் பொரியையும் எடுக்கச் சொல்கிறோம். உறிஞ்சுகுழலோடு திண்டாடும் குழந்தை, "சார், எனக்கும் கிளிப்பு தாங்க" என்று கேட்கும்போது நாமும் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறோம். வேண்டியபோது வேண்டிய அலகைப் பறவை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கணத்தில் அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. ஆகவே, கருவியை இடையில் மாற்றக் கூடாது என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும். போதிய உணவு சேர்க்காதவர் வெளியேற வேண்டும். சேர்த்தவருக்கு அதே கருவியோடு ஒரு குஞ்சு அடுத்த சுற்றில் வந்து சேர வேண்டும். பசிபிக் பெருங்கடலிலுள்ள காலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னே மேஜர் தீவில் 1977-இல் ஏற்பட்ட வறட்சியின்போது நடந்தது ஏறக்குறைய இதுதான். சிறிய, மென்மையான விதைகள் தீர்ந்துபோய்ப் பெரிய, கடினமான விதைகளே எஞ்சியதால், பெரிய அலகுடைய குருவிகளே அதிகம் பிழைத்தன. அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகளின் அலகும் சராசரியில் தடித்திருந்ததைப் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் இணையர் அளந்து பதிவு செய்தார்கள். தனிப்பட்ட எந்தக் குருவியும் தன் அலகைப் பெரிதாக்கிக்கொள்ளவில்லை.

இதைவிடத் தெளிவாகப் புரியவைக்கும் செயல்பாடு ஒன்று உண்டு. செலவும் அநேகமாக இல்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணல் இல்மனைட் கனிமத்தால் கறுத்தும், கார்னெட் மிகுந்த இடங்களில் சிவந்தும் கிடப்பதை நம் மாணவர்கள் அறிவார்கள். அந்த மணலை வகுப்புக்கு அள்ளி வர வேண்டாம். கனிம மணலை எடுப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மங்கிய கறுப்புத் துணி ஒன்றே போதும். அதன்மீது தோலுள்ள உளுந்து, கொள்ளு, பச்சரிசி ஆகியவற்றில் வகைக்கு இருபது மணிகளைக் கலந்து தூவ வேண்டும். பறவையாக வரும் மாணவர் ஒவ்வொரு மணியாக எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடி பார்த்து அடுத்ததை எடுக்க வேண்டும். முப்பது மணிகள் போனபின் நிறுத்திவிட்டு, எஞ்சியவற்றை வகைவாரியாக எண்ணிக் கரும்பலகையில் எழுதி, எஞ்சிய ஒவ்வொரு மணிக்கும் அதே வகையில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். அதாவது, பிழைத்தவை இனம் பெருக்குகின்றன. மூன்று சுற்றுகளுக்குள் பச்சரிசி அநேகமாகக் காணாமல் போய், துணி முழுவதும் உளுந்தாக இருக்கும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்த அரிசியாவது கறுத்ததா?"

இங்கேயே நிறுத்திவிடாமல், மிஞ்சிய அதே மணிகளை வெள்ளைத் துணிக்கு மாற்றி இன்னொரு சுற்று நடத்துவது நல்லது. இதுவரை காத்த நிறமே இப்போது உளுந்தைக் காட்டிக்கொடுக்கும். தகவமைப்பு என்பது ஓர் இடத்தைச் சார்ந்த பொருத்தமே தவிர உயர்ந்த குணமோ திறமையோ அல்ல என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

வாழ்நாளில் உடலுக்கு நேரும் மாற்றம் அப்படியே குஞ்சுகளுக்குப் போகும் என்ற எண்ணமும் மாணவர்களிடம் வேரூன்றி இருக்கிறது. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாகக் காது குத்திக்கொண்ட குடும்பங்களில் ஒரு குழந்தையாவது துளையோடு பிறந்ததுண்டா என்று கேட்டால் போதும். ஆனால், தயாராக இருங்கள், கூர்மையான மாணவர்கள் மறுகேள்வி கேட்பார்கள். நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கு நடுவே காணப்படும் இடைவெளி குஞ்சுகளிடம் இல்லை, வளர்ந்த பறவைகளிடம் மட்டுமே உண்டு. அப்படியானால் அது வாழ்நாளில் உண்டானதுதானே என்பார்கள். நல்ல கேள்விதான். பிறக்கும்போது பல் இல்லாத குழந்தைக்குப் பின்னால் பல் முளைப்பதும் மரபில் வந்ததே என்பதை நினைவூட்டி, எப்போது வெளிப்படுகிறது என்பதும் எங்கிருந்து வருகிறது என்பதும் வேறு வேறு என்று அங்கே பிரித்துக்காட்ட வேண்டும்.

கடலோரப் பள்ளிகளில் மீனை விடச் சிறந்த கற்பித்தல் கருவி கிடையாது. ஒரு சாளையைத் தட்டில் கிடத்தி, செவுள் மூடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த செவுள் இழைகளுக்கு உட்புறம், சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக அமைந்த மெல்லிய முட்களின் வரிசை தெரியும். வாய்வழியே வரும் நீரிலிருந்து நுண்ணுயிர்களைச் சாளை வடித்தெடுப்பது இதனால்தான். பக்கத்தில் கூரிய பற்களுள்ள ஒரு சீலா மீனின் வாயைத் திறந்துவைத்தால், ஒப்பீடு தானாகவே தொடங்கிவிடும். சாளையின் முதுகு கருநீலமாகவும் வயிறு வெள்ளியாகவும் இருப்பதை மேலிருந்து ஒரு முறையும், தட்டைத் தலைக்குமேல் பிடித்துக் கீழிருந்து ஒரு முறையும் பார்த்துவிட்டு, மேலே பறக்கும் ஆலாப் பறவைக்கும் அடியில் வரும் சூரை மீனுக்கும் அது எப்படித் தெரியும் என்று எழுதச் சொல்லலாம். வகுப்பில் அதிகம் பேசாத மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் எனக்குப் பலமுறை திருத்தம் சொல்லியிருக்கிறார்கள்.

நீண்ட விரல்களால் மிதக்கும் இலைகள்மீது நடக்கும் இலைக்கோழியைப் பற்றி விளக்க, இரண்டு சம எடைக் களிமண் உருண்டைகள் போதும். ஒன்றுக்கு ஈர்க்கால் குட்டையான விரல்களும் மற்றொன்றுக்கு நீளமான விரல்களும் செருகி, கோலமாவு பரப்பிய தட்டில் நிறுத்தினால், எது அதிகம் புதைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். வனஸ்பதி தடவிய உறைக்குள் கையை விட்டுப் பனிக்கட்டி நீரில் முக்கும் பனிக்கரடிச் செயல்பாட்டை நான் கைவிட்டுவிட்டேன். கொழுப்பு வெப்பத்தை உண்டாக்குவதாகவே பிள்ளைகள் எழுதுகிறார்கள்; வெப்பமானி இல்லாமல் அதைச் செய்வதில் பயனில்லை.

உயிருள்ள விலங்குகளையும் பறவைகளின் கூடுகளையும் வகுப்புக்குக் கொண்டுவரும்படி எந்தச் சூழலிலும் சொல்லக் கூடாது. காட்டுயிர்களைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகலாம். கரையில் கிடக்கும் சங்குகளை அள்ளி வருவதும் காலிச் சங்குகளுக்குள் வாழும் துறவி நண்டுகளின் வீட்டைப் பறிப்பதுதான். இறகுகள் வேண்டுமானால் வீட்டுக் கோழி, வாத்து இறகுகள் போதும். மீனையும் இறகையும் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

செயல்பாடுகள் முடிந்த பிறகே குளக்கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. 2022-இல் ராம்சர் தலங்களாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகமும் வேம்பனூர் ஈரநிலமும் நமக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. வலசைப் பறவைகள் வந்து சேரும் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்குப் பின் சென்றால் பார்ப்பதற்கு நிறைய இருக்கும். பெயர்ப்பட்டியல் எழுதச் சொல்வதைவிட, ஒரே ஒரு பறவையை அரைமணி நேரம் கவனித்து, அது எங்கே நிற்கிறது, எந்த ஆழத்தில் இரை தேடுகிறது, அலகை எப்படிப் பயன்படுத்துகிறது என்று எழுதச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கும் அதிலிருந்தே ஒரு வினா எடுக்கலாம்: குளத்தின் நீர்மட்டம் பல ஆண்டுகளுக்கு இரண்டடி உயர்ந்தே இருந்தால், நீங்கள் கவனித்த பறவைக்கு என்ன நேரும், ஏன்? "கால் நீண்டுவிடும்" என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்தால், உளுந்துச் செயல்பாட்டை மறுபடி நடத்த வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.