கிச்சே நாய்க்கு எத்தனை எழுத்து?

"மாயன் மொழிகள் எப்போதோ அழிந்துவிட்டனவே, அவற்றுக்கு எதற்குக் கம்ப்யூட்டர் படித்த ஆசிரியர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2012இல் உலகம் முடியப்போகிறது என்று மாயன் காலண்டரைக் காட்டிப் பூச்சாண்டி காட்டியவர்களைத்தான் இதற்குக் குறை சொல்ல வேண்டும். மத்திய அமெரிக்க நாடான குவாதமாலாவில் மட்டும் 22 மாயன் மொழிகளுக்கு அங்கீகாரம் இருக்கிறது. அவற்றில் ஒன்றான கிச்சேயைச் சுமார் 10 லட்சம் பேர் பேசுகிறார்கள்.

அங்கே இருமொழி ஆசிரியராகப் போகிறவர் வீட்டில் கிச்சே பேசி வளர்ந்திருப்பார். ஆனால் பள்ளியில் எழுதப் பழகியது ஸ்பானிஷ். 2000ஆம் ஆண்டையொட்டி 'என்லாசே கிச்சே' என்ற திட்டம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனது. பயிற்சி மாணவர்களே சொந்த மொழியில் குரலும் படமும் சேர்த்துப் பாடம் தயாரித்தார்கள். சரி, தட்டச்சு செய்யும்போது என்ன ஆகும்? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

மாயன் மொழிகளில் தொண்டையை அடைத்து, உள்ளே சிக்கிய காற்றை 'டக்'கென்று வெடிக்கவிடும் ஒலிகள் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு 'க்' என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். 1987இல் அரசு ஏற்ற எழுத்துமுறையில் இதைக் காட்டுவது ஒற்றை மேற்கோள் குறி. கிச்சேயில் நாயை எழுத ரோமன் எழுத்துகளில் டி, இசட், ஒரு குறி, ஐ, மறுபடி ஒரு குறி. முதல் குறி முன்னால் உள்ள இரண்டோடும் சேர்ந்து ஒரே எழுத்து. கடைசிக் குறி, தொண்டை அடைப்பதையே குறிக்கும் தனி எழுத்து. ஆக மொத்தம் மூன்று எழுத்து.

கம்ப்யூட்டர் அப்படிப் பார்ப்பதில்லை. திரையில் வரும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண்ணும், அது எழுத்தா நிறுத்தக்குறியா என்ற தகவலும் அதனிடம் உண்டு. மேற்கோள் விசையைத் தட்டினால் வருவது எண் 39, அதாவது நிறுத்தக்குறி. பல மென்பொருள்கள் கேட்காமலேயே அதை அழகுபடுத்தி 8217 ஆக்கிவிடும்; அதுவும் நிறுத்தக்குறிதான். எண்களை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு ஓர் ஆசிரியரின் நாயும் இன்னொருவரின் நாயும் வேறு வேறு சொற்கள். சொல்லின் கடைசிக் குறியோ சொல்லில் சேராமலே உதிர்ந்துவிடும்.

உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் இதற்கு மருந்து உண்டு: எண் 700. பார்வைக்கு 8217 மாதிரியே இருக்கும், ஆனால் எழுத்து என்று பதிவானது. அதே விசையைத் தட்டினால் 700 வரும்படி ஒரு சின்ன கீபோர்டு கோப்பு போதும்.

பழைய பாடங்களை மாற்றுவதுதான் வம்பு. சொல்லின் நடுவில் உள்ள 39ஐ நிரலே மாற்றிவிடலாம். கடைசியில் இருந்தால்? அது எழுத்தாகவும் இருக்கலாம், யாரோ பேசியது முடிகிற மேற்கோளாகவும் இருக்கலாம். கிச்சே தெரிந்த ஓர் ஆசிரியர் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. என்னைக் கேட்டால், பத்து கம்ப்யூட்டர் வாங்கும் பணத்தில் இரண்டைக் குறைத்து, அந்த ஆசிரியருக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம். என்ன, திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட முடியாது.