‘அக்செப்டபிள் யூஸ் பாலிசி’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் சேலத்தில் பல வீடுகளுக்கு ஒரு தாள் வந்து சேரும். வேன் கட்டண விவரம், சீருடை அளவு, புத்தகப் பட்டியல் எல்லாவற்றோடும் சேர்த்துப் பின் அடித்திருப்பார்கள். தலைப்பு ‘அக்செப்டபிள் யூஸ் பாலிசி’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அடியில் மாணவர் கையெழுத்துக்கு ஒரு கோடு, பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. பள்ளியின் கணினியையும் இணையத்தையும் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, மீறினால் பள்ளி என்ன செய்யும் என்பதை எழுதி வைத்திருக்கும் ஆவணம் அது. கணினி ஆசிரியர்கள் சுருக்கமாக ‘ஏயூபி’ என்பார்கள்.

செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகும் அப்பாவும், அம்மாபேட்டையில் தறி ஓட்டும் அம்மாவும், ஏற்காட்டில் காபித் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிறவரும் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். எதற்குப் போடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இந்தத் தொடருக்குச் சரியான தமிழ் தேடுவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதலில் ‘பாலிசி’. நம் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது எல்.ஐ.சி.தான். ‘பாலிசி எடுத்திருக்கேன்’, ‘பாலிசி முடிஞ்சிருச்சு’ என்றுதான் காதில் விழுந்திருக்கிறது. பிள்ளையின் பள்ளியிலிருந்து பாலிசி என்று தாள் வந்தால், பணம் கட்டச் சொல்கிறார்களோ என்று ஒருவர் நினைப்பதில் தப்பே இல்லை. ஆங்கிலத்திலும் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். காப்பீட்டுப் பாலிசி, ‘சான்று’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து கிளம்பி, ‘போலிட்சா’ என்று இத்தாலி வழியாக வந்தது; அங்கே அதற்குச் சீட்டு, ரசீது என்று பொருள். கொள்கை என்ற பொருளில் வரும் பாலிசி, ‘போலிஸ்’, அதாவது நகரம், என்ற கிரேக்கச் சொல்லின் வழியில் வந்தது. ஊரை நடத்தும் முறை என்பது அதன் அடிப்பொருள். எழுத்துக் கூட்டல் ஒன்றாகிப் போனதால் இரண்டும் ஒரே சொல் போலத் தோன்றுகின்றன.

‘அக்செப்டபிள்’ என்பதில் இரண்டு துண்டு. ‘அக்செப்ட்’ லத்தீனில் ‘தன்னிடம் எடுத்துக்கொள்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. நம் ‘ஏற்றுக்கொள்’ளுக்கு அப்படியே பொருந்துகிறது. சிக்கல் ‘ஏபிள்’ என்ற வாலில்தான். ஆங்கிலத்தில் அந்த வால் ‘முடியக்கூடிய’ என்றும் பொருள் தரும், ‘தகுந்த’ என்றும் பொருள் தரும். தமிழ் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘செய்யக்கூடிய வேலை’ என்றால் நம்மால் முடிகிற வேலை. ‘செய்யத்தக்க வேலை’ என்றால் செய்தால் பொருத்தமாக இருக்கும் வேலை. பள்ளிக் கணினியில் ஒரு மாணவனால் செய்யக்கூடியவை ஆயிரம். செய்யத்தக்கவை அவற்றில் ஒரு பங்கு. அந்தப் பங்கைச் சொல்வதுதான் ஆவணத்தின் வேலை. ஆகவே பல இடங்களில் காணப்படும் ‘ஏற்றுக்கொள்ளக்கூடிய பயன்பாட்டுக் கொள்கை’ என்ற மொழிபெயர்ப்பு சரிப்படாது. நீளம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, ‘பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம்’ என்கிற தொனி அதில் வந்துவிடுவது.

யார் ஏற்றுக்கொள்வது, எதை வைத்து ஏற்றுக்கொள்வது என்ற கேள்விக்கு விடை இந்தத் தொடரின் வரலாற்றில் இருக்கிறது. தொடர் பெயர் பெற்றது பள்ளியில் அல்ல. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1986-ல் ‘என்எஸ்எஃப்நெட்’ என்ற கணினி வலையமைப்பை இயக்கத் தொடங்கியது. பல்கலைக்கழகங்களையும் மீத்திறன் கணினி மையங்களையும் இணைக்கும் முதுகெலும்பு அது. செலவு அரசுப் பணம். அந்த வலையமைப்புக்கு ஏற்கப்படும் பயன்பாடு என்று ஒரு கொள்கையை எழுதினார்கள். ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் துணை செய்வது ஏற்கப்படும். லாபம் பார்க்கும் தொழிலுக்கும் சொந்த வியாபாரத்துக்கு அதிகமாகப் பயன்படுத்துவதற்கும் இடமில்லை. இதுதான் அதன் சாரம். ஆபாசம், வசவு, ஏமாற்று என்று நாம் இன்று பேசுகிற எதுவும் அதன் மையத்தில் இல்லை. இது யார் பணத்தில் ஓடுகிறது, எந்த நோக்கத்துக்காக ஓடுகிறது என்ற ஒரே கேள்விதான்.

நமக்கு இது புதிய எண்ணமில்லை. ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அந்த வயல் என்று கணக்கு உண்டு. தன் முறை வராமல் மடையைத் திறப்பவனை ஊர் கேட்கும். தண்ணீர் கெட்டது என்பதால் அல்ல, அது எல்லோருக்குமான தண்ணீர் என்பதால்.

1992-ல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி அந்த வலையமைப்பில் வணிகப் போக்குவரத்துக்கு வழிவிட்டது. 1995 ஏப்ரல் 30-ல் என்எஸ்எஃப்நெட் முதுகெலும்பே ஓய்வு பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல்தான் அப்போது அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. ஆக, தொடர் எந்த வலையமைப்பால் பெயர் பெற்றதோ அது மூடிய பிறகுதான் இணையமே நம் வீட்டு வாசலுக்கு வந்தது. தொடர் மட்டும் பிழைத்துக்கொண்டு கம்பெனி, கல்லூரி, பள்ளி என்று இடம் மாறியது. பள்ளிக்கு வந்தபோது பொருளும் கொஞ்சம் நகர்ந்தது. அமெரிக்காவில் 2000-ல் வந்த குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம், அரசின் கட்டணச் சலுகையில் இணையம் பெறும் பள்ளிகள் தடுப்பு வடிகட்டியும் பாதுகாப்புக் கொள்கையும் வைத்திருக்க வேண்டும் என்றது. பொதுச் சொத்தைக் காப்பதற்கு எழுதிய தொடர், பிள்ளையைக் காப்பதற்கும் என்று ஆனது. இரண்டு நோக்கமும் நல்லவை. நம் பள்ளித் தாள்களில் இரண்டாவது மட்டும், அதுவும் தடைகளின் பட்டியலாக மட்டும், வந்து சேர்ந்ததுதான் எனக்கு வருத்தம். ‘கூடாது, கூடாது’ என்று பதினைந்து வரி. எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரிகூட இல்லாத தாள்கள் உண்டு.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘யூஸ்’ என்பதற்குப் பயன்பாடு பொதுவழக்காகிவிட்டது. ‘உபயோகம்’ இன்னும் பேச்சில் இருக்கிறது. இலங்கைத் தமிழர் ‘பாவனை’ என்பார்கள். இங்கே அதற்குப் பாசாங்கு, சாயல் என்று பொருள் ஆகிவிட்டதால் நமக்கு ஒத்துவராது. ‘கொள்கை’ கொஞ்சம் யோசிக்க வேண்டிய சொல். ‘குலஞ்சுடும் கொள்கை பிழைப்பின்’ என்கிறது 1019-ஆம் குறள். அங்கே கொள்கை என்றால் ஒழுக்கம். ஒருவர் தமக்கென்று கொண்டு நடப்பது. அந்தப் பழைய பொருளில் பார்த்தால் இந்த ஆவணத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் இன்று கட்சிக் கொள்கை, கல்விக் கொள்கை, தொழிற்கொள்கை என்று அது மேடைக்கும் அரசாணைக்கும் போய்விட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொள்கை என்றால் அது பெரியவர்கள் சமாச்சாரம்.

‘நெறிமுறை’ என்று எழுதலாமே என்றால், கணினித் தமிழில் அது ‘புரோட்டோகால்’, அதாவது கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை, என்பதற்கு வழங்குகிறது. ‘இணைய நெறிமுறை’ என்று தலைப்பிட்டால் கணினி படித்த பிள்ளை ‘இன்டர்நெட் புரோட்டோகால்’ என்கிற ‘ஐபி’யைத்தான் நினைக்கும். ‘விதிமுறை’ புரியும், ஆனால் அது தண்டனைப் பக்கம் சாய்ந்த சொல். மிஞ்சுவது ‘நெறி’. வழி, நடக்கும் பாதை. சின்னச் சொல், யாருக்கும் தெரிந்த சொல்.

முன்னால் வரும் அடைக்கு நான் தேர்ந்தெடுப்பது ‘தகு’. ‘தகாத வார்த்தை’, ‘தகாத படம்’ என்று நாளிதழ்களிலேயே எதிர்ச்சொல் தயாராக இருக்கிறது. தகும், தகாது என்று ஒரே வேரில் இரண்டு பக்கமும் கிடைக்கிறது. ஆகவே ஆவணத்துக்குத் ‘தகுபயன்பாட்டு நெறி’ என்பது என் பரிந்துரை. எதற்குத் தகும் என்று உடனே கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விதான் தொடரின் மூலப் பொருளுக்கே நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. அமெரிக்கப் பள்ளிகள் சில இப்போது ‘ரெஸ்பான்சிபிள் யூஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டிருக்கின்றன. அதைப் ‘பொறுப்பான பயன்பாடு’ என்று சொல்லிவிடலாம், தடையில்லை. பிராட்பேண்ட் கம்பெனிகள் சொல்லும் ‘ஃபேர் யூசேஜ்’ வேறு. குறிப்பிட்ட அளவு டேட்டா தீர்ந்ததும் வேகத்தைக் குறைப்பது அது. பதிப்புரிமையில் வரும் ‘ஃபேர் யூஸ்’ இன்னும் வேறு; பிறர் படைப்பிலிருந்து அனுமதி கேட்காமலே கொஞ்சம் எடுத்தாளச் சட்டம் இடம் தருவது அது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சொல் சரியாக அமைந்தால் உள்ளே உள்ள வரிகளும் திருந்தும். அரசுப் பள்ளி ஆய்வகங்களின் கதவில் கையால் எழுதி ஒட்டியிருக்கும் அட்டைகளைப் பாருங்கள். ‘காலணிகளை வெளியே விடவும்.’ ‘பென் டிரைவ் கொண்டுவரக் கூடாது.’ ‘வேலை முடிந்ததும் சிஸ்டத்தை ஷட்டவுன் செய்யவும்.’ யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஆசிரியர்கள் எழுதிய தகுபயன்பாட்டு நெறி அது. காரணம் தெரிந்து எழுதியது என்பதால் பிள்ளைகளும் கேட்கிறார்கள். தூசி உள்ளே போனால் கணினி கெடும், வெளிப் பென் டிரைவில் வைரஸ் வரும். அதே நடையில் மற்றதையும் எழுத முடியும். ‘பயனர் வடிகட்டல் அமைப்புகளைப் புறக்கணிக்க முயலக் கூடாது’ என்பதை ‘பள்ளி தடுத்து வைத்திருக்கும் தளத்தை விபிஎன் போட்டுத் திறக்கக் கூடாது’ என்று எழுதினால் எட்டாம் வகுப்புக்குப் போதும். ‘அங்கீகாரச் சான்றுகளைப் பகிரக் கூடாது’ என்பதை ‘உன் பாஸ்வேர்டை நண்பனுக்கும் சொல்லாதே, நண்பனுடையதைக் கேட்காதே’ என்று எழுதலாம். அடுத்த வரியில் காரணத்தையும் சேர்க்கலாம்: இன்னொருவரின் கடவுச்சொல்லை ஏமாற்றுவதற்குப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

எல்லை எது என்பதையும் தாள் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் மலைக்கிராமப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டத்தின்போது ஒரு அம்மா எழுந்து கேட்டார்: “இது ஸ்கூல் கம்ப்யூட்டருக்கு மட்டுங்களா சார், எங்க வீட்டு போனுக்கும் சேர்த்துங்களா?” அந்த வீட்டில் ஒரே போன். பகலில் அது அவர் கணவரோடு எஸ்டேட்டுக்குப் போய்விடும். மாலையில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று பையன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பார்ப்பான். அவர் கேட்டது தேவையான கேள்வி. பள்ளியின் கருவியிலும் பள்ளியின் இணைப்பிலும் பள்ளிக்கு முழு அதிகாரம் உண்டு. வீட்டு போனில் வீட்டாருக்குத்தான் அதிகாரம். ஆனால் வகுப்புக் குழுவில் ஒரு பிள்ளையைக் கேலி செய்து படம் போட்டால், போன் வீட்டுடையதாக இருந்தாலும் பாதிப்பு வகுப்பறைக்குள்தான் வரும். இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். அரசு 2011-லிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதே இதே கேள்வி வந்திருக்க வேண்டும். கருவி பிள்ளையுடையது, இணைப்பு பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட், நெறி யாருடையது?

கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழியிலோ படிக்கும் வசதி தரவேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் தமிழும் ஒன்று. பிள்ளையின் பெயரையும் படத்தையும் ஏதாவது ஒரு கற்றல் செயலியில் ஏற்றுவதற்கு இசைவு கேட்கும் பகுதி தாளில் இருந்தால், அதைத் தமிழில் கேட்டுப் பெற இந்தச் சட்டம் பெற்றோருக்கு வழி வைத்திருக்கிறது. ‘ஏற்பு’, ‘இசைவு’ இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனியாக எழுத வேண்டும். பள்ளியின் நெறியை ஏற்பது ஒன்று. பிள்ளையின் விவரத்தைக் கொடுக்க இசைவது வேறொன்று. ஒரே கையெழுத்தில் இரண்டையும் வாங்கும் தாளைக் கண்டால், தயங்காமல் கேளுங்கள்.

ஏதாவது தவறாக நடந்துவிட்டால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் தாளில் இருக்க வேண்டும்: வகுப்பு ஆசிரியர் அல்லது கணினி ஆசிரியர் பெயர், குழந்தைகள் உதவி எண் 1098, இணையப் பண மோசடிக்கு 1930. சொன்னால் அடி விழும் என்று பயந்து பிள்ளை மறைத்துவிடக் கூடாது. ஆகவே ‘தெரியாமல் ஒரு தளம் திறந்துவிட்டால் திரையை மூடிவிட்டு ஆசிரியரிடம் சொல், திட்டு விழாது’ என்ற வரியும் பக்கத்திலேயே வேண்டும். அதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டியது பள்ளிதான்.

எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. ‘தகுபயன்பாடு’ ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடுவில் ஒற்று வராது, ‘தகுப்பயன்பாடு’ என்று எழுதக் கூடாது. ‘கணினிப் பயன்பாடு’, ‘இணையப் பயன்பாடு’ இரண்டிலும் ‘ப்’ வரும். ‘பயன்பாட்டு நெறி’யில் எதுவும் மிகாது.