அரசு அலுவலகத்துக்குள் வீட்டுக் கணினி நுழைந்தது எப்படி?

1970-களின் இறுதியில் வீடுகளுக்குள் வந்த கணினிகளில் பெரும்பாலானவை பேசிக் (BASIC) என்ற எளிய நிரல் மொழியுடன் வந்தன. அந்த மொழியை இயக்கிய இன்டர்பிரட்டர், நிரலை ஓட்டும்போதே வரிவரியாகப் படித்து, பொருள் கண்டு, செய்து முடிக்கும். ஒரே வரி ஆயிரம் முறை வந்தால் ஆயிரம் முறையும் புதிதாகப் படிக்கும். கற்றுக்கொள்பவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அரசு அலுவலகத்தின் தேவையே வேறு.

அமெரிக்க அரசை எடுத்துக்கொள்வோம். 1959-இல் பாதுகாப்புத் துறையின் ஆதரவுடன், அலுவலகக் கணக்குகளுக்கான கோபால் (COBOL) நிரல் மொழியை உருவாக்கும் பணி தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே, கோபால் கம்பைலர் (நிரல் முழுவதையும் ஓட்டுவதற்கு முன்பே மொழிபெயர்த்துவிடும் மென்பொருள்) இல்லாத கணினியை வாங்குவதில்லை என்பதை அத்துறை கொள்கையாக வைத்துக்கொண்டது. சம்பளப் பட்டியல், கிடங்கு இருப்பு எல்லாம் அந்த மொழியில் குவிந்தன. 1983-இல் அமெரிக்க ராணுவம் ஜெனித் நிறுவனத்தின் இசட்-100 வகைக் கணினிகளை ஆயிரக்கணக்கில் வாங்க முன்வந்தது. அதே வடிவமைப்பு, ஆர்வலர்கள் வீட்டில் தாங்களே பொருத்திக்கொள்ளும் உதிரிபாகத் தொகுப்பாகவும் விற்பனையானது! இப்படிப்பட்ட சிறிய கணினிகள் அலுவலக மேசைக்கு வரும்போது, பழைய நிரல்களை மாற்றி எழுதாமல் ஓட்டக் கம்பைலர் வேண்டும் என்ற தேவையும் கூடவே வந்தது.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பணக் கணக்கு. பத்தில் ஒரு பங்கை இரும எண்ணாக எழுதினால் அது முடிவில்லாமல் நீளும். எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். அன்றைய பேசிக்குகள் பலவற்றில் தொகைகளைக் கூட்டக் கூட்ட இந்த நுண்ணிய பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒரு காசு இடித்தாலும் தணிக்கையில் கேள்வி வரும். கோபாலிலோ, புள்ளிக்கு முன் ஐந்து இலக்கம், பின் இரண்டு இலக்கம் என்று நிரலரே அறிவித்துவிடலாம். கம்பைலர் ஒவ்வொரு இலக்கத்தையும் நான்கு பிட்டுகளில் (இரும இலக்கங்களில்) தனித்தனியாக வைக்க முடியும்; எட்டு பிட்டுள்ள ஒரு பைட்டின் மேல் பாதியில் ஓர் இலக்கம், கீழ்ப் பாதியில் இன்னொன்று.

38-உடன் 45-ஐக் கூட்டிப் பாருங்கள். சில்லு இருமத்தில் கூட்டும்போது மேல் பாதியில் 7, கீழ்ப் பாதியில் 13 நிற்கும். பதின்மூன்று ஓர் இலக்கமே அல்ல. அன்றைய இன்டெல் 8080 சில்லில் இதைச் சரிசெய்வதற்கென்றே டி.ஏ.ஏ. என்ற ஆணை இருந்தது. அது கீழ்ப் பாதியோடு 6-ஐச் சேர்க்கும்; 13 என்பது 19 ஆகும். நான்கு பிட்டில் 15-க்கு மேல் இடமில்லாததால் 16 வெளியேறி, மேல் பாதிக்கு ஒன்றாகப் போகும்; கீழே 3 தங்கும். விடை 83. எவ்வளவு நேர்த்தியான தந்திரம்!

எஞ்சியது இடப் பிரச்சினை. அன்றைய சிறிய கணினியின் 64 கிலோபைட் நினைவகத்தில் முழுக் கம்பைலர் அடங்காது. அதனால் அதைத் துண்டுகளாக்கி, ஒரு துண்டின் வேலை முடிந்ததும் அடுத்ததை ஃபிளாப்பியிலிருந்து அதே இடத்தில் ஏற்றினார்கள். மைக்ரோ ஃபோகஸ் என்ற மென்பொருள் நிறுவனம் இன்னொரு வழியையும் கையாண்டது: அதன் கம்பைலர் நிரலைச் சுருக்கமான இடைநிலைக் குறியீடாக மாற்றும், சிறிய இயக்கி ஒன்று அதை ஓட்டும். வேகத்தில் கொஞ்சம் இழந்தாலும், பெரிய கணினிக்கென எழுதிய மொழி மேசைக் கணினியில் ஓடியது.